புது ரிவால்வர் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் முறை

புது ரிவால்வர் சுழலாமல் நின்றாலோ, சொடுக்கியும் வெடிக்காமல் போனாலோ துப்பாக்கியே கோளாறு என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது. அழுக்கு, தளர்ந்த திருகு, சரியில்லாத தோட்டா ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். மூன்றையும் மேசையில் வைத்தே, காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம். அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங், டைமிங் (சிலிண்டர் சரியான நேரத்தில் குழலுக்கு நேராக வந்து பூட்டுவது), மெக்கானிக் எல்லாம். இந்த வரிசையை விட்டுவிட்டு முதல் வேலையாகப் பக்கத்தகட்டை (உள் பாகங்களை மூடும் தகடு) கழற்றி அரத்தைக் கையில் எடுத்தால் நல்ல துப்பாக்கியும் கெடும், உத்தரவாதமும் போகும்.

இங்கே சொல்லியிருப்பது சிலிண்டர் (தோட்டாக்கள் போடும் சுழல் உருளை) பக்கவாட்டில் வெளியே சாயும் டபுள் ஆக்‌ஷன் (ட்ரிகரை இழுத்தாலே ஹேமர் என்ற சுத்தி எழும்பி அடிக்கும்) ரிவால்வருக்கு. குண்டு என்றால் முனையில் இருக்கும் ஈயம், ஓடு என்றால் பித்தளைக் கூடு, தோட்டா என்றால் இரண்டும் வெடிமருந்தும் ப்ரைமரும் (அடி பட்டதும் மருந்தைப் பற்ற வைக்கும் சிறு மூடி) சேர்ந்த முழுப்பொருள். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் படியுங்கள்.

## எதைத் தொடும் முன்பும்

குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வையுங்கள். விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும். சிலிண்டரைத் திறந்து எஜெக்டர் ராடை (ஓடுகளை வெளியே தள்ளும் கம்பி) முழுவதும் அழுத்தி எல்லாவற்றையும் வெளியே தள்ளுங்கள். பிறகு சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளையான ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் நீங்கள் வேலை செய்யும் வீட்டு அறையிலேயே இருக்கக்கூடாது, வீட்டின் வேறு அறைக்குப் போய்விட வேண்டும். கீழே வரும் சோதனைகள் எல்லாமே காலித் துப்பாக்கியில், அல்லது டம்மித் தோட்டாவை (வெடிக்காத போலித் தோட்டா) வைத்துச் செய்ய வேண்டியவை. பாதியில் எழுந்து போய்த் திரும்பி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து பாருங்கள்.

தேவைப்படும் சாமான்கள் கொஞ்சம்தான். திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும், முனை ஆப்பு போலச் சரியாமல் நேராக இருக்கும் ஸ்க்ரூடிரைவர், ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), பழைய பல்துலக்கும் பிரஷ், வெண்கலப் பிரஷ், க்ளீனிங் ராட், சால்வென்ட், துப்பாக்கி எண்ணெய், துணித்துண்டுகள், டார்ச், டம்மித் தோட்டாக்கள். வீட்டில் கிடக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவரின் முனை திருகுத் தலையின் ஓரத்தைச் சிதைத்துவிடும். ஒரு முறை வழுக்கினால் சட்டகத்தில் கீறல் நிரந்தரமாக நிற்கும்.

டிரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமல் சொடுக்குவது, பற்றி ஒரு வார்த்தை. சென்டர்ஃபயர் (ஓட்டின் அடி நடுவில் அடிக்கும்) ரிவால்வர்களில் பெரும்பாலும் தாங்கும். .22 போன்ற ரிம்ஃபயரில் (ஓட்டின் விளிம்பில் அடிக்கும் வகை) கையேடு அனுமதிக்காவிட்டால் வேண்டாம். ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அறையின் விளிம்பிலேயே மோதி, விளிம்பும் பின்னும் சேர்ந்து கெடும்.

## சிலிண்டர் மூடவில்லை, அல்லது அழுத்தி மூட வேண்டியிருக்கிறது

ஸ்டாருக்கு அடியில் பாருங்கள். இந்தக் கோளாறுக்கு இதுதான் முதல் காரணம், பெரும்பாலும் கடைசிக் காரணமும் இதுவே. எஜெக்டர் ராடை அழுத்தினால் நட்சத்திர வடிவில் பின்னால் எழும்பி வருவதுதான் ஸ்டார். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எரியாத மருந்துத் துகள் ஒன்று, மஞ்சளாகவோ கறுப்பாகவோ, எள்ளளவு கூட இல்லாமல், ஸ்டாரின் அடிப்பரப்பிலோ அது உட்காரும் குழியிலோ ஒட்டியிருக்கும். அந்தத் துகள் ஸ்டாரை மயிரிழை உயரமாக நிறுத்துகிறது. தோட்டாக்களின் விளிம்பு அந்த ஸ்டார் மேல்தான் உட்காருகிறது என்பதால் அத்தனை தோட்டாக்களும் பின்னால் தள்ளி நின்று சட்டகத்தில் உரசுகின்றன. பல்துலக்கும் பிரஷ்ஷால், உலர்ந்த நிலையில், வெளிப்பக்கமாகத் துடைத்துத் தள்ளுங்கள். இங்கே எண்ணெய் விடாதீர்கள். ஈரப்பசை இருந்தால் அடுத்த துகள் அங்கேயே ஒட்டும்.

தோட்டா முழுவதும் உள்ளே போகிறதா? .357 மேக்னம் துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் சுடுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். .38-இன் ஓடு சுமார் 3.4 மி.மீ. குட்டை. அது முடியும் இடத்தில் அறைக்குள் கரி வளையம் ஒன்று படிகிறது. பிறகு .357 போட்டால் ஓட்டின் வாய் அந்த வளையத்தில் முட்டி நிற்கும். கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளுவது தவறு. அறைகளில் சால்வென்ட் விட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு அளவு பெரிய வெண்கலப் பிரஷ்ஷால், அறைக்கு இருபது தடவையாவது, பின்பக்கத்திலிருந்து தேயுங்கள். டார்ச் வெளிச்சத்தில் வளையம் மறைந்ததைப் பார்த்த பிறகு நிறுத்தலாம்.

ப்ரைமர் உயர்ந்து நிற்கிறதா? தோட்டாவின் அடியை விரலால் தடவுங்கள். ப்ரைமர் ஓட்டின் மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும். மேடு தட்டுப்பட்டால் அந்தத் தோட்டாவை ஒதுக்கி வையுங்கள். வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டாக்களில் இது சாதாரணம். தொழிற்சாலைத் தோட்டாவிலும் எப்போதாவது வரும்.

காலியாக இருக்கும்போதும் இறுக்கமா? அப்படியானால் தோட்டாவின் மேல் குற்றமில்லை. சிலிண்டரைத் திறந்து கையால் மெல்லச் சுற்றி, எஜெக்டர் ராடின் நுனியைக் கவனியுங்கள். நுனி வட்டமடித்து ஆடினால் ராட் வளைந்திருக்கிறது. ராட் நேராக இருந்தும் மூடும்போது கிரேனுக்கும் (சிலிண்டரைத் தாங்கி வெளியே சாயும் பாகம்) சட்டகத்துக்கும் நடுவே சீரற்ற இடைவெளி தெரிந்தால் கிரேன் வளைந்திருக்கிறது. சினிமாவில் வருவதுபோல மணிக்கட்டை வெட்டிச் சிலிண்டரை மூடுவதுதான் கிரேன் வளையக் காரணம். இரண்டுமே மெக்கானிக் வேலை. வளைந்ததை வீட்டில் நிமிர்த்தப் பார்த்தால் அது இன்னொரு பக்கம் வளையும்.

## சிலிண்டர் திறக்கவில்லை

ஹேமர் பின்னால் இழுத்து நிற்கிறதா, ட்ரிகர் முழுவதும் முன்னே வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த இரண்டில் எது சரியில்லாவிட்டாலும் லாட்ச் (சிலிண்டரைத் திறக்கும் பித்தான்) நகராது. அது கோளாறில்லை, பாதுகாப்புக்காகச் செய்த அமைப்பு. லாட்ச் இயக்கமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் முன்னே தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னே இழுக்க வேண்டும், ரூகரில் உள்ளே அழுத்த வேண்டும்.

அது சரியாக இருந்தால் எஜெக்டர் ராடைச் சந்தேகியுங்கள். ராடின் முன்நுனியும் பூட்டிக்கொள்ளும் வகைத் துப்பாக்கிகளில், சுடும்போது வரும் அதிர்வில் மரை தளர்ந்து ராட் நீண்டுவிடும். நீண்ட ராட் முன்பூட்டை விட்டு வெளியே வராது. புதுத் துப்பாக்கியின் முதல் சில நூறு சுடுதல்களில் இதை எதிர்பார்க்கலாம். லாட்ச்சை அழுத்திக்கொண்டே ராடை விரல் நுனியால் திருகி உள்ளே ஏற்றுங்கள். இன்றைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் இது இடஞ்சுழி மரை. குழல்வாய்ப் பக்கமிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். மற்றத் திசையில் முயன்று இன்னும் தளர்த்திவிடுபவர்கள் நிறைய.

திறந்த பிறகு முறையாக இறுக்க வேண்டும். குறைந்தது மூன்று அறைகளில் காலி ஓடுகளைப் போடுங்கள். இல்லாவிட்டால் திருகும் விசை முழுவதும் ஸ்டாரின் சின்ன வழிகாட்டிப் பின்களில் விழும். ராடைத் தோல் சுற்றிய பிடியில் பிடித்து, சிலிண்டரைக் கையால் திருகி இறுக்குங்கள். வெறும் பிளையரால் பிடித்தால் ராடில் பல் பதியும்.

உள்ளே உயிர்த்தோட்டா இருக்கும்போது பூட்டிக்கொண்டால்: தட்டாதீர்கள், நெம்பாதீர்கள், பையில் போட்டு எடுத்துப் போகவும் வேண்டாம். அது தோட்டா நிரம்பிய துப்பாக்கி. குழல்வாயைச் சுடும் திசையிலேயே வைத்துக்கொண்டு சுடுதளப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

## சுட்டுக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் இறுகுகிறது

எப்போது இறுகுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதல் சுற்றிலேயே, சூடேறும் முன்பே: ஸ்டாரின் அடி, உயர்ந்த ப்ரைமர். மேலே சொன்னதுதான்.

கனமான தோட்டாக்களோடு மட்டும், அதுவும் எடை குறைந்த துப்பாக்கியில்: குண்டு முன்னே நழுவுகிறது. பின்னுதைப்பில் துப்பாக்கியும் பித்தளை ஓடும் சட்டென்று பின்னால் போக, குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. ஓட்டின் வாய் குண்டைச் சரியாகக் கவ்வாவிட்டால் ஒவ்வொரு சுடுதலுக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, கடைசியில் சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டிச் சட்டகத்தில் இடிக்கும். சோதிப்பது எளிது. ஒரு தோட்டாவின் நீளத்தை அளந்து குறித்து அதைக் கடைசி அறையில் போடுங்கள். மற்றவற்றைச் சுட்டுவிட்டு அதை எடுத்து மறுபடி அளங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு ஒத்துவராது. வேறு பிராண்டுக்கு மாறுங்கள், அவ்வளவுதான்.

ஐம்பது, அறுபது சுட்ட பிறகு, சூடேறிய நிலையில்: சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறைவாக இருக்கலாம். துப்பாக்கி ஆறட்டும். சிலிண்டரின் முன்முகத்தையும் குழலின் பின்முகத்தையும் சால்வென்ட் போட்டுத் துடைத்துவிட்டு, மூடிய நிலையில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.10 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் இயல்பு; அங்குலக் கணக்கில் ஆயிரத்தில் 4 முதல் 10 வரை. அதற்குக் குறைவானால் கொஞ்சம் ஈயமும் கரியும் படிந்து, உலோகமும் சூட்டில் விரிந்ததும் முகத்தோடு முகம் உரசும். சுத்தம் செய்ததும் சரியாகி, அதே எண்ணிக்கையில் மறுபடி இறுகினால் துப்பாக்கியைத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். குழலின் பின்முகத்தைச் சீவுவது அதற்கென்று இருக்கும் கருவியோடு செய்யும் வேலை.

அளக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சிலிண்டரைப் பின்னால் தள்ளி ஒரு அளவு, முன்னால் தள்ளி ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பின் ஆட்டம். புதுத் துப்பாக்கியில் இது இருக்கிறதா என்றே சொல்ல முடியாத அளவுக்கு இருக்க வேண்டும். 0.08 மி.மீ. அளவுக்குப் போனால் மெக்கானிக்கிடம் காட்டும் நேரம். இந்த இரண்டு எண்களையும் வாங்கிய முதல் நாளே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிற்பாடு தேய்மானத்தைக் கண்டுபிடிக்க அந்தத் தாளை விட நல்ல கருவி கிடையாது.

ஒரே ஒரு அறையில் மட்டும்: சிலிண்டரின் பக்கத்தில் மார்க்கரால் அறைகளுக்கு எண் போடுங்கள், ஆல்கஹால் போட்டால் அழிந்துவிடும். தோட்டாக்களை மாற்றிப் போட்டும் அதே எண்ணில் இறுகினால் ராட்செட் (சிலிண்டரைச் சுழற்றப் பின்புறம் உள்ள பல் வரிசை) பல்லில் பிசிர் இருக்கும், அல்லது அந்த அறையில்தான் ஏதோ இருக்கும். தோட்டாவோடு சேர்ந்து இறுக்கமும் இடம் மாறினால் குற்றவாளி தோட்டா.

## சொடுக்குச் சத்தம் மட்டும், வெடிக்கவில்லை

கை வைக்கும் முன் காத்திருங்கள். குழல்வாய் இலக்கை நோக்கியே இருக்கட்டும். குறைந்தது 30 விநாடி, முடிந்தால் ஒரு நிமிடம். ப்ரைமர் தாமதமாகப் பற்றலாம். ரிவால்வரில் இது பிஸ்டலை விட ஆபத்து. அவசரப்பட்டு ட்ரிகரை மறுபடி இழுத்தால் அந்தத் தோட்டா குழலுக்கு நேரே இல்லாமல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். அங்கே அது வெடித்தால் குண்டு குழல் வழியாகப் போக முடியாது. சிலிண்டரை உடனே திறப்பதும் கூடாது, பித்தளை ஓட்டின் பின்புறத்தைத் தாங்கச் சட்டகம் இருக்காது.

காத்திருந்து வெளியே எடுத்த பிறகு ப்ரைமரின் முகத்தைப் பாருங்கள். என்ன நடந்தது என்று அதுவே சொல்லும்.

குழி ஆழமாக, நடுவில், உருண்டையாக இருக்கிறது: துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது. தோட்டா பழுது. அந்தப் பெட்டியிலேயே இன்னொன்றும் வெடிக்காமல் போனால் பெட்டி முழுவதையும் ஒதுக்குங்கள்.

குழி ஆழமில்லை: அடி பலவீனம். எளியதிலிருந்து தொடங்குங்கள். ப்ரைமர் சரியாக உட்காராமல் இருந்தால் முதல் அடி அதை உள்ளே உட்கார வைப்பதிலேயே செலவாகிவிடும், இரண்டாம் அடியில் வெடிக்கும். வேறு தொழிற்சாலைத் தோட்டாவில் ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள். அங்கேயும் இப்படியே என்றால் அடுத்து ஸ்பிரிங். தகடு ஸ்பிரிங் உள்ள துப்பாக்கிகளில் கைப்பிடியின் முன்பக்கம் கீழே ஒரு திருகு இருக்கும். அதுதான் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிறது. அது முழுவதும் இறுகியிருக்க வேண்டும். ட்ரிகர் இலேசாகட்டும் என்று அதைப் பாதி தளர்த்தி வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது, வெடிக்காமல் போவதற்கு அதைவிடச் சுருக்கு வழி இல்லை. யாராவது இலேசான ஸ்பிரிங் மாற்றிப் போட்டிருந்தால் கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போடுங்கள். பிறகு கைப்பிடி. புதிதாக மாட்டிய ரப்பர் கைப்பிடி உட்புறம் ஸ்பிரிங்கை உரசுகிறதா என்று கழற்றிப் பாருங்கள். கடைசியாக எண்ணெய். தொழிற்சாலையில் பூசிய பாதுகாப்பு எண்ணெய் உள்ளே கெட்டிப்பட்டு, குறிப்பாகக் குளிரில், ஹேமரின் வேகத்தைக் குறைக்கும்.

குழி ஓரமாக விழுந்திருக்கிறது: அறை குழலுக்கு நேராக வந்து நிற்கவில்லை. ஈயத் துகள் தெறிப்பதைப் பற்றிய பகுதியில் சொல்லியிருக்கும் டைமிங் சோதனைக்குப் போங்கள்.

குழியே இல்லை: ஃபயரிங் பின்னோ, ஹேமரின் அடியை அதற்குக் கடத்தும் டிரான்ஸ்ஃபர் பாரோ உடைந்திருக்கலாம். காலியாக இருப்பதை இரண்டு முறை உறுதிசெய்துவிட்டு ஒரு பென்சிலை, ரப்பர் உள்ள பக்கம் உள்ளே போகும்படி, குழலுக்குள் விடுங்கள். குழல்வாயை மேல் நோக்கிப் பிடித்து, முகத்தை விலக்கி வைத்துச் சொடுக்குங்கள். பென்சில் துள்ளி எழுந்தால் பின் வேலை செய்கிறது. அசையவே இல்லை என்றால் மெக்கானிக்.

## வழக்கத்தை விடச் சத்தம் குறைவு, உதைப்பும் இல்லை

நிறுத்துங்கள். அடுத்ததைச் சுடாதீர்கள். மருந்து குறைந்த தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கும். அதன் மேல் இன்னொரு குண்டைச் செலுத்தினால் குழல் வீங்கும், பிளக்கவும் செய்யும், பக்கத்தில் இருப்பவருக்கும் காயம்.

முன்பு சொன்னபடி காத்திருந்து, சிலிண்டரைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பிறகு குழலின் பின்பக்கமிருந்து வெளிச்சம் விட்டுக் குழல்வாய் வழியாக ஒளி தெரிகிறதா பாருங்கள். க்ளீனிங் ராடை விட்டும் பார்க்கலாம். சிலிண்டர் திறக்கவே இல்லை என்றால் குண்டு பாதி அறையிலும் பாதி குழலிலும் மாட்டியிருக்கிறது என்று பொருள். அப்போது மற்ற அறைகளில் உயிர்த்தோட்டா இருக்கும். அதை நீங்களே எடுக்க முயலாமல், முன்பு சொன்னபடி சுடுதளப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, மெக்கானிக்கிடம் விடுங்கள். குண்டை எடுத்த பிறகும் குழலில் வீக்கம் இருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்லும்வரை சுட வேண்டாம்.

## காலி ஓடுகள் வெளியே வர மறுக்கின்றன

முதலில் கைப்பழக்கம். குழல்வாயை மேல் நோக்கிப் பிடித்து, உள்ளங்கையால் ராடை ஒரே அடியாக, முழு நீளத்துக்கும் தள்ள வேண்டும். மெதுவாக, பாதி வரை தள்ளினால், அதுவும் குழல்வாய் கீழே பார்த்திருக்கும்போது, ஒரு ஓடு நழுவி ஸ்டாருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அது ஒரு மோசமான மாட்டல். ராடை அழுத்திப் பிடித்து ஸ்டாரை முழுவதும் மேலே தூக்கி வைத்துக்கொண்டே, அந்த ஓட்டை நகத்தாலோ மரக்குச்சியாலோ பக்கவாட்டில் நெம்பி எடுங்கள். மாட்டியபடியே சிலிண்டரை மூடப் பார்த்தால் ராட் வளையும்.

எல்லா அறையிலும் இறுக்கமென்றால் அறைகளைச் சால்வென்ட் போட்டுத் தேயுங்கள். தேய்த்த பிறகும் அப்படியே என்றால் சுட்ட ஓடுகளின் ப்ரைமரைப் பாருங்கள். ஓரங்களின் வளைவு மறைந்து தட்டையாகியிருந்தாலோ, பின் அடித்த குழியைச் சுற்றி விளிம்பு எழும்பியிருந்தாலோ அழுத்தம் அதிகம். அந்தத் தோட்டாவை அதோடு நிறுத்திவிடுங்கள். வேறு பிராண்டில் சுலபமாக வெளியே வந்தால் துப்பாக்கிக்கு ஒன்றுமில்லை. ஒரே அறையில் மட்டும் ஒட்டினால் அந்த அறையின் உட்சுவர் சொரசொரப்பாக இருக்கும், மெக்கானிக் பாலிஷ் போட்டுத் தருவார்.

## பக்கத்தில் நிற்பவர் மேல் ஈயத் துகள் தெறிக்கிறது

சிலிண்டர் இடைவெளியிலிருந்து கொஞ்சம் புகையும் கரியும் வருவது எல்லா ரிவால்வருக்கும் உண்டு. அதனால்தான் விரலை அந்த இடைவெளிக்கு அருகே கொண்டுபோகவே கூடாது. தோலில் குத்தும் ஈயத் துண்டு வருவது வேறு விஷயம்.

குழலின் பின்வாயைப் பாருங்கள், குண்டு நுழையும் கூம்பு அங்கே இருக்கிறது. ஈயம் சாம்பல் நிறத்தில் பட்டையாக ஒட்டியிருந்தால் பிரஷ்ஷால் சுத்தம் செய்து மறுபடி சுட்டுப் பாருங்கள். ஈயத்தை எடுக்கும் ரசாயனத் துணி எவர்சில்வர் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) துப்பாக்கிக்கு மட்டும்தான். நீலக் கறுப்புப் பூச்சுள்ள துப்பாக்கியில் அது ஈயத்தோடு பூச்சையும் எடுத்துவிடும்.

கூம்பு சுத்தமாக இருந்தும் தெறித்தால் டைமிங் சோதனை. காலித் துப்பாக்கியின் சிலிண்டரை இடது கை விரல்களால் மிக லேசாகத் தொட்டு, இலேசான தடை மட்டும் கொடுங்கள். வலது கையால் ஹேமரை மிக மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் முழுவதும் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டரைப் பூட்டும் நாக்கு அதன் பள்ளத்தில் 'டிக்' என்று விழ வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் நாக்கு விழாமல், சிலிண்டரைக் கையால் கொஞ்சம் சுற்றினால்தான் விழுகிறது என்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். பிறகு ட்ரிகரை மெல்ல இழுத்து டபுள் ஆக்‌ஷனிலும் ஒரு முறை. எல்லா அறையும் பின்தங்கினால் சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் உட்பாகமான 'கை' குட்டையாக இருக்கிறது. ஒன்றிரண்டு மட்டும் என்றால் ராட்செட்டின் அந்தப் பற்கள். எதுவானாலும் துப்பாக்கி புதிது, உத்தரவாதத்தில் அனுப்புங்கள். இதில் அரம் போடும் வேலையே கிடையாது.

ட்ரிகர் முழுவதும் பின்னால் இருக்கும்போது சிலிண்டரில் இலேசான பக்கவாட்டு ஆட்டம் பல மாடல்களில் இயல்பாகவே இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

## ட்ரிகர் திரும்பி வரவில்லை, அல்லது ஒரு அறையைத் தாண்டிப் போகிறது

அறையைத் தாண்டுவது பெரும்பாலும் விரலின் குற்றம். சுட்ட பிறகு ட்ரிகரை முழுவதும் முன்னே வர விடாமல் மறுபடி இழுத்தால், சிலிண்டர் மட்டும் சுழன்று ஹேமர் விழாமல் போகும். டம்மித் தோட்டா போட்டு, ட்ரிகர் முன்னே வந்து நிற்கும் அந்த இரண்டாவது மெல்லிய 'டிக்' கேட்கும்வரை விடுவதைப் பழகுங்கள்.

விரலை எடுத்த பிறகும் ட்ரிகர் பாதியில் நின்றால், கைப்பிடியைக் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். சரியாகிவிட்டால் கைப்பிடி உரசியிருக்கிறது. இல்லையென்றால் பக்கத்தகட்டுத் திருகுகள் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, கால் சுற்றுத் தளர்த்திச் சோதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உள்ளே பிசிர் இருக்கிறது, மெக்கானிக் திறக்கட்டும்.

## ஹேமர் தானாக விழுகிறது

இதற்கு வீட்டுச் சோதனை ஒன்றுதான். காலித் துப்பாக்கியில் ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை முன்னோக்கி மிதமாகத் தள்ளுங்கள். எல்லா அறைக்கும் செய்யுங்கள். ஒரு முறை நழுவி விழுந்தாலும் போதும், அந்தத் துப்பாக்கியில் இனி தோட்டா போடக்கூடாது. வீட்டுத் தீர்வு எதுவும் இதற்கு இல்லை.

## குறி சிதறுகிறது

பின்பக்கச் சைட்டின் (குறி பார்க்கும் அமைப்பு) திருகு, பிறகு தோட்டா மாற்றம், பிறகு குழலில் ஈயப் படிவு என்ற வரிசையில் பாருங்கள். சைட் திருகுக்குக் குறைந்த பிடிமானமுள்ள திரெட்லாக்கர் ஒரு சொட்டு போதும். முதலில் மரையில் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட வேண்டும். அதே பசை பக்கத்தகட்டுத் திருகு வழியாக உள்ளே இறங்கினால் இயக்கமே ஒட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே வேண்டாம்.

## கோளாறு வராமல் வைத்திருக்க

முதல் சுடுதலுக்கு முன்பே தொழிற்சாலை எண்ணெயைத் துடைத்து எடுங்கள். அறைகளும் குழலும் உலர்ந்திருக்க வேண்டும். முதல் 50 சுட்டதும் எல்லாத் திருகுகளையும் எஜெக்டர் ராடையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். அவசரத்துக்கு எந்தத் தோட்டாவை வைக்கப்போகிறீர்களோ அதே தோட்டாவில் சுட்டுப் பார்க்க வேண்டும், பயிற்சிக்கான மலிவுத் தோட்டாவில் தடையின்றி ஓடியது அதற்குச் சான்றாகாது.

சுட்ட அன்றே அறைகள், குழல், ஸ்டாரின் அடி, குழலின் பின்முகம், ஹேமருக்கு முன்னுள்ள பள்ளம் ஆகியவற்றைச் சுத்தம் செய்யுங்கள். சிலிண்டரின் முன்முகத்தில் அறைகளைச் சுற்றி விழும் கறுப்பு வளையங்கள் அழகைத் தவிர எதையும் கெடுப்பதில்லை. அவற்றைத் தேய்த்துத் தேய்த்துப் பூச்சைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். டைட்டானியம் சிலிண்டரில் தேய்க்கும் பொடியோ சொரசொரப்பான பொருளோ படவே கூடாது. நிக்கல் பூச்சில் அம்மோனியா கலந்த சால்வென்ட் வேண்டாம்.

எண்ணெய் சொட்டுக் கணக்கில். கிரேனின் அச்சில் ஒன்று, எஜெக்டர் ராடில் ஒன்று, ஹேமரின் இரு பக்கமும் ஒவ்வொன்று, சிலிண்டரைத் தள்ளும் கை வெளியே வரும் துளையில் ஒன்று. அறையில் எண்ணெய் விட்டால் ப்ரைமருக்குள் கசிந்து தோட்டாவைச் செத்ததாக்கும். பித்தளை ஓடும் அறைச் சுவரைப் பிடிக்காமல் பின்னால் உதைக்கும். ஊடுருவும் எண்ணெய்களை உள்ளே அடித்தால் நாளடைவில் பிசினாகக் கெட்டிப்படும்.

தோல் உறையிலேயே வைத்துப் பல மாதம் விடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துரு உறையின் தையல் படும் இடத்திலேயே தொடங்கும். சுத்தம் செய்யும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும், சாப்பாடு வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் உடம்பில் சேரும்.

## மெக்கானிக்கிடம் போகும்போது

உரிமம் உள்ளவரிடமே கொடுங்கள், உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் காகிதங்களோடு. காலி என்பதை உறுதிசெய்து, சிலிண்டர் திறந்த நிலையில் நீட்டுங்கள். எந்த அறை எண், எத்தனையாவது சுடுதல், எந்தத் தோட்டா, சூடாக இருந்ததா, முதல் நாள் குறித்த இரண்டு அளவுகள், இப்போதைய அளவுகள் இவற்றை எழுதிக் கொடுங்கள். கோளாறு வந்த சுட்ட ஓடுகளை வீசிவிடாமல், அறை எண் எழுதிய சிறு கவர்களில் போட்டு அவையும் போகட்டும். "சில சமயம் மாட்டுகிறது" என்று வாயால் சொல்வதை விட, மூன்றாம் எண் அறையிலிருந்து வந்த ஓரக் குழி விழுந்த ப்ரைமர் ஒன்று அவருக்கு அரை நாள் வேலையைக் குறைக்கும்.